ஆறாவது வாரத்திலும் கையில் எடுப்பார்களா?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் அடல் டிங்கரிங் லேபில் (பிள்ளைகள் தாங்களே பொருட்களைச் செய்து பார்க்க, மத்திய அரசுத் திட்டத்தில் பள்ளியில் அமைத்த கூடம்) எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர், ‘11 முதல் 14 வயதுப் பிள்ளைகளை ஓடியாட வைக்கும் ஒரு பொருள்’ என்ற தலைப்பில் போட்டிக்குத் தயாராகிறார்கள். ஐந்து யோசனைகள் வந்திருக்கின்றன. அடி எண்ணும் ஷூ: தினம் 10,000 அடி நடந்தால் ஸ்டேஷனரி கடைக் கூப்பன். ஐம்பது தோப்புக்கரணம் போட்டால் மட்டுமே திறக்கும் மொபைல் பெட்டி. சுற்றி விளையாடினால் கழிப்பறைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ராட்டினம் (தலைமையாசிரியருக்குப் பிடித்தது இதுதான்). ஓடிப்போய்த் தொட்டால் அணையும் சுவர் விளக்குகள். ஐந்தாவது, ஒரு மாணவி சொன்னது: மைதானத்து வேப்பமரத்தடியில் ஒரு விளையாட்டுப் பெட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்து விளையாடிவிட்டுத் திரும்ப வைக்கலாம். “இதுல என்ன மிஸ் டெக்னாலஜி இருக்கு?” என்று வகுப்பே சிரித்துவிட்டது. ஒன்றைத்தான் அனுப்ப முடியும். கையில் 4,000 ரூபாய் இருக்கிறது. எதை அனுப்பலாம்? அது பலன் தருகிறதா என்று எப்படிச் சோதிப்பது? குழுவில் ஒரு பையனுக்குக் குதித்தால் முட்டிக்குக் கீழே வலிக்கிறதாம். அவனைச் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

வேப்பமரத்தடி விளையாட்டுப் பெட்டியை அனுப்புங்கள்.

மற்ற நான்கு யோசனைகளும், பிள்ளைகளுக்கு ஓட மனமில்லை, எதையாவது காட்டி ஓட வைக்க வேண்டும் என்று நினைத்துச் செய்தவை. அந்த மாணவி மட்டும்தான் உங்கள் மைதானத்தை நின்று பார்த்திருக்கிறாள். பல பள்ளிகளில் நடப்பதுதான் இது. பந்தும் கயிறும் பி.டி. அறை பீரோவுக்குள் இருக்கும். சாவி பி.டி. சாரிடம். சார் ஏதோ படிவத்தை நிரப்பிக்கொண்டு அலுவலகத்தில் இருப்பார். சாப்பிட்டுக் கை கழுவியதும் மிச்சமிருக்கும் இருபது நிமிடத்தில் அவரைத் தேடிப் போய்ச் சாவி கேட்கிற தைரியம் யாருக்கு இருக்கும்? ஏற்கெனவே பள்ளி டீமில் ஆடுகிற நாலைந்து பையன்களுக்கு. மற்றவர்கள் வராண்டாவில் உட்கார்ந்து அரட்டை அடிப்பார்கள். நாம் அதைப் பார்த்துவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையவில்லை என்போம்.

நான் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). இந்த வயதுப் பிள்ளைகள் கழுத்து வலி, முதுகு வலி, முட்டி வலி என்று அம்மாவோடு வருவார்கள். விளையாடுவாயா என்று கேட்டால் ‘பிடிக்காது’ என்ற பதில் குறைவு. “எங்க விளையாடறது?”, “யார்கூட?”, “எங்களச் சேத்துக்க மாட்டாங்க சார்” என்பவைதான் அதிகம். அதனால் ஒரு பொருளைப் பார்த்ததும் நான் கேட்பது இரண்டே கேள்விகள். இதைக் கையில் எடுத்தால் இன்னொரு பிள்ளை கூட வருமா? ஆறாவது வாரத்திலும் இதை எடுப்பார்களா?

ஆறு வாரம் என்று ஏன் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 2016-ல் போக்கிமான் கோ என்ற, நடந்து நடந்து உருவங்களைப் பிடிக்கும் மொபைல் விளையாட்டு வந்தபோது, மொபைலோடு தெருத்தெருவாக மக்கள் நடந்தார்கள். அமெரிக்காவில் 18 முதல் 35 வயதுக்காரர்களின் அடிக் கணக்கை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று அதே ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. விளையாட்டை மொபைலில் இறக்கிக்கொண்ட முதல் வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 955 அடி கூடியிருந்தது. பிறகு வாரத்துக்கு வாரம் சரிந்தது. ஆறாவது வாரத்தில் அவர்கள் பழைய கணக்குக்கே வந்துவிட்டார்கள். பெரியவர்களுக்கே இப்படி. எட்டாம் வகுப்புப் பையனின் ஆர்வம் எத்தனை நாள் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாததா?

ஷூவுக்கும் இதுதான் ஆகும். முதல் வாரம் அடி எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். இரண்டாம் வாரம், உட்கார்ந்தபடியே காலை ஆட்டினால் எண் ஏறுகிறது என்று ஒருவன் கண்டுபிடிப்பான். அவனைக் குறை சொல்ல மாட்டேன்; கூப்பன் கேட்டது எண்ணைத்தானே. இன்னொன்றும் உண்டு. 1973-ல் வந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், ஸ்கெட்ச் பேனாவால் ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகள் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு யாரும் எதுவும் தராத நேரத்தில் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே பேனாவைத் தொட்டார்கள். கூப்பன் நின்ற மறுநாள் ஷூவுக்கு என்ன நடக்கும் என்பதைப் பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள்.

10,000 என்ற எண்ணையும் விட்டுவிடச் சொல்லுங்கள். அது மருத்துவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னதல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965-ல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவியை விற்கப் பிடித்த எண். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது வேறு: 5 முதல் 17 வயது வரை, நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடம்பு அசைய வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் உறுதியாக்கும் வேகமான ஆட்டம் அதில் இருக்க வேண்டும்.

ஷூவுக்குள் பேட்டரி வைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே கைவிடுங்கள். 2016-ல் அமெரிக்காவில் ஒரு துரித உணவு நிறுவனம், குழந்தைகளுக்கான சாப்பாட்டோடு அடி எண்ணும் கைப்பட்டையை இலவசமாகக் கொடுத்தது. தோல் அரிப்பு, தீப்புண் என்று புகார்கள் வர, சுமார் 2 கோடியே 90 லட்சம் பட்டைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பெரிய தொழிற்சாலைப் பொருளுக்கே அந்தக் கதி. வியர்வையும் மழைத்தண்ணீரும் புகும் ஷூவில் லேபில் ஒட்டவைத்த சர்க்யூட் வேண்டாம்.

தோப்புக்கரணப் பெட்டியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். அதை யோசித்த பிள்ளைக்கு நல்ல நகைச்சுவை உணர்வு. ஆனால் ஓட்டமும் தோப்புக்கரணமும் நம் பள்ளிகளில் ஏற்கெனவே தண்டனையாகத்தான் கிடைக்கின்றன. வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் கிரவுண்டை மூன்று சுற்று ஓடு என்போம். பிறகு அதே ஓட்டத்தை ஆசையாக ஓடச் சொல்வோம். இந்தப் பெட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது. மொபைலைப் பரிசாக்கி, உடற்பயிற்சியை அதற்கான அபராதமாக்குகிறது. போட்டி மேடையில் கைத்தட்டல் வாங்கும், வீட்டில் ஒரு வாரத்தில் அம்மா கையாலேயே திறந்துவிடும்.

ராட்டின விஷயத்தில் தலைமையாசிரியரிடம் பக்குவமாகப் பேச வேண்டியிருக்கும். இதே யோசனை தென்னாப்பிரிக்காவில் ‘பிளேபம்ப்’ என்ற பெயரில் நிஜமாகவே வந்தது. குழந்தைகள் ராட்டினம் சுற்றுவார்கள், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும். 2000-ல் உலக வங்கியின் பரிசு கிடைத்தது. 2006-ல் அமெரிக்காவில் அரசும் அறக்கட்டளைகளும் சேர்ந்து 1 கோடியே 64 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தன. கேட்கக் கேட்க இனிக்கிற யோசனை. நடைமுறையில், சும்மா சுற்றும் ராட்டினம் ஒரு வேகம் பிடித்ததும் தானே ஓடும், பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து தலைசுற்றச் சுற்றுவார்கள். அந்த சுகத்துக்காகத்தான் அதில் ஏறுகிறார்கள். பம்பு இழுக்கும் ராட்டினத்தை விடாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தைகள் சலித்து விலகினார்கள். பல ஊர்களில் பெண்கள் குனிந்து குனிந்து அதைத் தள்ளித் தண்ணீர் எடுத்தார்கள். ஒரு பத்திரிகை கணக்குப் போட்டுப் பார்த்தது: சொன்ன அளவு ஆட்களுக்குத் தண்ணீர் கிடைக்க வேண்டுமானால் குழந்தைகள் நாளுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும்! 2010 வாக்கில் இதைப் பரப்பிவந்த அமெரிக்க அமைப்பு கடையைக் கட்டியது. இந்தக் கதையை அப்படியே தலைமையாசிரியரிடம் சொல்லிப் பாருங்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு மோட்டார் போதும்.

விளக்கு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. விளையாட்டு வீரர்களின் பயிற்சிக் கூடங்களில் இதுபோன்ற விளக்குகள் உண்டு, விலைதான் நமக்குக் கட்டாது. கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பிள்ளைகளின் வரைபடத்தில் ஆறு விளக்கும் ஒரே சுவரில், கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அப்படியிருந்தால் நின்ற இடத்திலேயே கையை நீட்டித் தொட்டுவிடுவார்கள். மூன்றை ஒரு பக்கமும் மூன்றை எட்டுப் பத்து மீட்டர் தள்ளி எதிர்ப்பக்கமும் வைக்கட்டும். ஒன்று முட்டி உயரத்தில் இருக்கட்டும், குனிந்து எழ வேண்டும். சின்ன புஷ் பட்டன் இரண்டு நாளில் உடைந்துவிடும்; அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்கு, முனை மழுக்கிய பலகை ஒன்றைப் பொருத்துங்கள். பவர் பேங்க் போதும், சுவர் பிளக்கிலிருந்து வயர் இழுக்க வேண்டாம். பட்டன் பேட்டரி போட்டால் அதன் மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும், சின்னக் குழந்தைகள் விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. எல்லாம் செய்தபின் இந்த விளக்குகளைத் தனிப் பொருளாக அனுப்பாமல், அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பல சாமான்களில் ஒன்றாக வையுங்கள்.

டெக்னாலஜி எங்கே என்று கேட்ட பிள்ளைகளிடம் நுங்கு வண்டியைப் பற்றிப் பேசுங்கள். இன்றும் கோடையில் உங்கள் பக்கம் சாலையோரம் நுங்கு விற்கிறார்கள், நுங்கு எடுத்த காய்க்கூடு கிடைக்கும். ஒன்றைச் செய்தே பார்க்கலாம். நுங்கு தின்ற இரண்டு காய்க்கூடு, நடுவில் செருக ஒரு குச்சி, தள்ளிக்கொண்டு போக முனையில் கவட்டை உள்ள ஒரு நீளக் கம்பு. கவட்டை அச்சின்மேல் உட்கார்ந்திருக்கும். மெதுவாக நடந்தால் வண்டி தடுமாறும், கவட்டை நழுவும். ஓடினால்தான் நேராகப் போகும். திரும்பும்போது கம்பைச் சாய்க்கும் நுணுக்கம் இரண்டு மூன்று முறை விழுந்த பிறகுதான் கைக்கு வரும். கூடு சில நாளில் காய்ந்து சுருங்கிவிடும், இன்னொன்று செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனிடமும் ஒன்று இருந்தால் பந்தயம். எத்தனை அடி ஓடினோம் என்று ஒருவரும் எண்ணியதில்லை. இதை வடிவமைத்தது எந்த லேபும் இல்லை, பிள்ளைகளேதான். கொடுத்த பொருளைப் பிள்ளைகள் தாங்களே மாற்ற முடிகிறதா, விதியைத் தாங்களே போட முடிகிறதா என்பதை உங்கள் மாணவர்கள் இதிலிருந்து பிடித்துக்கொள்ளட்டும்.

அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 2002 முதல் 2006 வரை, 9 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்காகவே ‘வெர்ப்’ என்றொரு பிரசாரம் நடத்தியது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு மஞ்சள் பந்து. லட்சக்கணக்கில் பந்துகளை நாடு முழுக்க விநியோகித்தார்கள். ஒவ்வொரு பந்திலும் ஓர் எண். பந்து கிடைத்த பிள்ளை தன் இஷ்டப்படி விளையாட வேண்டும், என்ன ஆட்டம் ஆடினேன் என்று இணையத்தில் எழுத வேண்டும், பிறகு பந்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவே விதி. பந்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதில்தான் சூட்சுமம். உங்கள் பெட்டியிலும் ஒரு ‘கைமாறும் பந்து’ வைக்கலாம்; கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. புதிதாகக் கண்டுபிடித்த ஆட்டத்தை அதில் எழுதிவிட்டு அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிட வேண்டும்.

இனி பெட்டிக்குள் என்ன என்ற விஷயம். பெல்ஜியத்தில் தொடக்கப் பள்ளிகளில் வகுப்புக்கு வகுப்பு ஸ்கிப்பிங் கயிறு, பறக்கும் தட்டு போன்ற சாமான்களைக் கொடுத்து இடைவேளையில் பிள்ளைகளின் அசைவை அளந்தார்கள். மதிய இடைவேளையில் ஓடியாடும் நேரம் கூடியது. அந்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. உங்கள் மாணவியின் யோசனைக்கு நடுவர்களிடம் சொல்ல இதுவே போதுமான ஆதாரம்.

கால்பந்தை மட்டும் முதலில் வாங்காதீர்கள். ஒரு கால்பந்து வந்தால் பத்துப் பையன்கள் முழு மைதானத்தையும் பிடித்துக்கொள்வார்கள், மிச்சப் பேர் ஓரமாக ஒதுங்குவார்கள். அதே காசுக்கு நாலைந்து நீளக் கயிறு வாங்கலாம். இரண்டு பேர் சுற்ற, மூன்று நான்கு பேர் ஒன்றாகக் குதிக்கும் அளவுக்கு, நாலரை ஐந்து மீட்டர் இருக்கட்டும். தேங்காய் நார்க் கயிறு கையை அறுக்கும். மெல்லிய நைலான் காலில் சுளீரென்று படும். விரல் மொத்தத்தில் பருத்திக் கயிறு நல்லது, முனையில் முடிச்சுப் போட்டுத் துணி சுற்றினால் கைப்பிடி தயார். குதிப்பதற்கு இந்த வயதில் தனி மதிப்பு உண்டு. உயரம் கிடுகிடுவென்று கூடும் காலத்தை ஒட்டிய இரண்டே ஆண்டுகளில், பெரியவர்களானதும் இருக்கப்போகும் எலும்புத் தாதுவில் கிட்டத்தட்ட கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. பெண்களுக்கு இது பன்னிரண்டு வயதை ஒட்டி, பையன்களுக்கு அதற்கு ஒன்றரை இரண்டு ஆண்டு கழித்து. குதிக்கும்போது எலும்பில் விழும் அதிர்ச்சிதான் அதற்கு உரம்.

கயிற்றோடு எறிந்து பிடிக்கும் டென்னிகாய்ட் வளையங்கள், இரண்டு பறக்கும் தட்டு, ஏழு கல்லுக்கு முனை மழுங்கிய மரக்கட்டைகள், ரப்பர் பந்து, பாண்டிக் கட்டம் போட சாக்பீஸ். 4,000 ரூபாயில் இவ்வளவும் அடங்கும். பெட்டியைப் பழைய பெஞ்சுப் பலகையில் உங்கள் ஊர்த் தச்சரே செய்துகொடுத்துவிடுவார். எடுத்த பொருளுக்குக் கணக்கு வைக்க, பெட்டி மூடியின் உட்புறம் ஆணி அடித்து, வகுப்புக்கு ஒரு மர வில்லை. கயிற்றை எடுத்தால் அந்த இடத்தில் வில்லையை மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஆர்.எஃப்.ஐ.டி. கார்டு (அருகில் காட்டினாலே பதிவாகும் அட்டை) வைத்தே ஆக வேண்டும் என்று பையன்கள் அடம்பிடித்தால் வைக்கட்டும், லேப் என்று ஒன்று இருக்கிறதே.

பெட்டிக்குப் பூட்டுப் போடுவதானால், சாவி யாரிடம் என்பதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். என் விருப்பம், ஏழாம் வகுப்புப் பெண்களிடம். 2016-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்கு அந்த அறுபது நிமிட அசைவு கிடைப்பதில்லை. பையன்களில் 78, பெண்களில் 85. நம் ஊரில் அதற்கான காரணங்களைத் தேட வெளியே போக வேண்டாம். துப்பட்டா நழுவும். மாதவிடாய் நாளில் கறை பட்டுவிடுமோ என்ற பயம். வியர்த்தால் முகம் கழுவி உடையைச் சரிசெய்ய ஓர் இடமில்லை. “வயசுக்கு வந்த பொண்ணு என்ன குதிக்கறே” என்ற பேச்சு. பெண்களைத் தனியாக உட்கார வைத்து, பெண் ஆசிரியர் நீங்களே கேளுங்கள். துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொள்ள அகலமான எலாஸ்டிக் இடுப்புப் பட்டை வேண்டும் என்று அவர்கள் சொன்னால், அதுவும் பெட்டியில் சேர வேண்டிய விளையாட்டுச் சாமான்தான். வாரத்தில் இரண்டு நாள் மைதானத்தின் பாதி பெண்களுக்கு என்று தலைமையாசிரியர் ஒரு வரி சுற்றறிக்கை எழுதிவிட்டால் இன்னும் நல்லது. ராட்டினம் போன வருத்தம் அவருக்கு அதில் தீரட்டும்.

சோதிப்பது எளிது. பெட்டி வைப்பதற்கு முந்தைய வாரமே எண்ண ஆரம்பியுங்கள். மதிய இடைவேளையில் இரண்டு மாணவர்கள் மாடி வராண்டாவில் நின்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மைதானத்தை இடமிருந்து வலமாக ஒரே பார்வை பார்க்க வேண்டும். உட்கார்ந்தோ நின்றோ இருப்பவர் எத்தனை, நடப்பவர் எத்தனை, ஓடிக் குதிப்பவர் எத்தனை என்று கோடு போட்டால் போதும். பையன்கள் தனி, பெண்கள் தனி. எதற்காக எண்ணுகிறோம் என்று தம்பட்டம் அடிக்க வேண்டாம், தெரிந்தால் எண்ணுகிறவர்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே ஓடுவார்கள். பெட்டி வைத்த முதல் வாரம் கூட்டம் அலைமோதும், அதை நம்ப வேண்டாம். மூன்றாம் வாரமும் ஆறாம் வாரமும் எண்ணுங்கள். போட்டித் தேதி அதற்குள் வந்துவிட்டால் இருக்கிற கணக்கை மறைக்காமல் காட்டட்டும். பெண்களின் எண் ஏறவில்லை என்றால் அதையும் எழுதி, பெட்டியில் எதை மாற்றினோம் என்று சொல்லட்டும். எந்தப் பிள்ளையின் எடையையும் உயரத்தையும் சார்ட்டில் ஏற்ற வேண்டாம். குண்டாக இருக்கும் பிள்ளை மைதானத்தை விட்டு நிரந்தரமாக விலக அந்த ஒரு சார்ட் போதும்.

கடைசியாக அந்தப் பையன். கடிதத்தை வைத்து நோயைச் சொல்ல முடியாது. ஆனால் வளரும் வயதில், முட்டிச் சில்லுக்கு இரண்டு விரல் கீழே எலும்பு துருத்தும் இடத்தில், தொட்டால் வலித்து, குதித்தால் கூடுவது அடிக்கடி பார்க்கிற ஒன்றுதான். தொடையின் பெரிய தசை, நாராக வந்து ஒட்டும் இடம் அது. எலும்பு அங்கே இன்னும் முற்றாததால் இழுவை தாங்காமல் வலிக்கிறது. பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது தானே சரியாகும். அதுவரை விளையாட்டையே நிறுத்தத் தேவையில்லை; குதிப்பதையும் முட்டி போட்டு உட்காருவதையும் குறைத்து, வலி பொறுக்கும் அளவில் ஓடலாம், வளையம் எறியலாம். விளையாடிய பின் வலித்தால் துணியில் சுற்றிய ஐஸை பத்து நிமிடம் வைக்கட்டும். முட்டி வீங்கினாலோ, நொண்டி நடந்தாலோ, இரவில் வலித்து எழுந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, இடுப்பும் சேர்ந்து வலித்தாலோ தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள். அவன் வீட்டில் இதை இன்னும் சொல்லியிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். நீங்களே ஒரு போன் செய்து பெற்றோரிடம் பேசிவிடுங்கள்.